சனிக்கோளின் வானொலி

கம்பம் பள்ளத்தாக்கில் சனி என்றதும் நினைவுக்கு வருவது குச்சனூர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அங்கே திரளும் கூட்டத்தை அனைவரும் அறிவர். அண்டை வீட்டாரின் பக்தியை எடைபோடுவது நம் பணியன்று. ஆயினும், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாத நம் இல்லங்களிலும் ஏழரைச் சனியின் அச்சம் சத்தமின்றிக் குடியிருக்கிறது.

அக்கோள் உண்மையிலேயே ஏதோ ஒன்றை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் துருவங்களுக்கு மேலே, காந்தப்புலக் கோடுகளைச் சுற்றி விரையும் எலெக்ட்ரான்கள் வானொலி அலைகளை உமிழ்கின்றன. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் தமிழ்ப்பணி, 2018-இல் சிற்றலையை நிறுத்தும்வரை, நம் வீடுகளுக்கு வந்ததும் வானொலி அலைகளில்தான். அன்று மணிலாவின் சிற்றலையைத் திருப்பி நம்மிடம் அனுப்பிய அதே அயனிமண்டலம், சனியின் நீண்ட அலைகளை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே அவற்றைக் கேட்க விண்கலம் போக வேண்டியதாயிற்று.

1980-இலும் 1981-இலும் அக்கோளைக் கடந்த வாயேஜர் கலங்கள், அந்த அலைகள் 10 மணி 39 நிமிடத்திற்கு ஒருமுறை வலுப்பெறுவதைக் கண்டன. மேகம் மூடிய கோள். சுற்றுவதைக் கணக்கிட ஒரு மலையோ பாறையோ கண்ணுக்குத் தெரியாது. எனவே அத்துடிப்பே சனியின் ஒரு நாள் எனப் பாடநூல்கள் எழுதின. 2004-இல் காசினி கலம் சென்றடைந்தபோதோ துடிப்பு ஏறத்தாழ 10 மணி 45 நிமிடம்! பூமியைவிட 95 மடங்கு நிறையுள்ள கோள், இருபது ஆண்டுகளில் ஆறு நிமிடம் தளர்ந்துவிடாது. வடதுருவமும் தென்துருவமும் வெவ்வேறு கதியில் துடிப்பதும் பின்னர் தெரிந்தது. வானொலித் துடிப்பு கோளின் கடிகாரமன்று. 2019-இல் வளையங்களில் எழும் அலைகளை ஆராய்ந்து, ஒரு நாள் 10 மணி 33 நிமிடம் 38 விநாடி என்று கணித்தனர்.

அந்த வானொலி அலைகளை ஒலியாக மாற்றியும் தருகிறார்கள்; ஊளையும் சீழ்க்கையும் கலந்ததுபோல் இருக்கும். 'சனியும் ஆண்டவரைப் பாடுகிறது' என்று மறையுரையில் சொல்லும் ஆசை நமக்கும் எழுவதுண்டு; சொல்வதில்லை. நம் செவிக்கு எட்டும்படி அதிர்வெண்ணைத் தாழ்த்தி, நீண்ட பதிவைச் சுருக்கி ஆக்கிய ஒலி அது. சோதிடர் சனியின் வாயில் சொற்களை வைப்பது தவறென்றால், மறையுரையாளரும் வைத்தல் ஆகாது.

மகளுக்கு அமைந்த நல்ல வரனைச் சனிப்பெயர்ச்சிவரை தள்ளிவைத்த தாய் ஒருவரிடம் இவற்றையெல்லாம் விரித்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அதோட நாள்க்கணக்கையே மூணு தடவை மாத்திட்டாங்களா, சாமி?"

"ஆமாம்மா."

சிரித்துக்கொண்டார். வரன் வீட்டாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பெண்ணுக்கு வயது 28.