நீலம்னா சரி, ரோஸ் ஆனா மாத்து

மார்ச் இயர் எண்டிங், அது முடிந்ததும் ஆடிட் என்று ஓடியதில் பதிவு போட்டு மாதக்கணக்காகிவிட்டது. இந்த முறை வட்டி விகிதம், வீட்டுக் கடன் எதுவும் இல்லை, பயப்படாமல் படிக்கலாம் :-) கோபால்ட் குளோரைடு என்ற ஓர் உப்பைப் பற்றி எழுதப்போகிறேன். நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரியில் என் கணக்கு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதைத் திரும்பத் திறக்க வைத்தது மும்பை மழையும், அப்பாவின் காது மிஷினும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அப்பளம் பொரித்த பத்தாவது நிமிஷம் நமுத்துவிடும். உப்பு கட்டியாகிவிடும். பீரோவில் பட்டுப்புடவை பூஞ்சை பிடிக்கும். அம்மா போன பிறகு அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து டோம்பிவிலிக்கு அழைத்து வந்திருந்தோம். இங்கே அவர் பார்த்த முதல் மழையிலேயே காது மிஷின் கரகரவென்று இழுத்து அடங்கிவிட்டது.

அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்று தலையாட்டுவார். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தால், "நீயே பேசிடுப்பா" என்று என் கையில் கொடுத்துவிடுவார். தங்கமணிதான் கவனித்தார். "மாமா இப்பல்லாம் பேப்பர் படிச்சுட்டு யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்லை, பாத்தீங்களா?" ஊர், வீடு, துணை எல்லாம் போன மனுஷருக்குப் பேச்சும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

காது மிஷின் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு "ஈரம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். இறுக்கமான மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்தார். உள்ளே நீல நிற மணிகள். ராத்திரி பேட்டரியைக் கழற்றிவிட்டு மிஷினை இதற்குள் வைக்க வேண்டும். மணி நீலமாக இருந்தால் சரி, ரோஸ் ஆனால் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் அவர் வகுப்பு.

மீதி வகுப்பை எடுத்தது பிளஸ் டூ படிக்கும் மகள். ஈரத்தை உறிஞ்சுவது சிலிக்கா ஜெல். அது நிறமில்லாத சாது. நிறம் காட்டுவது அதில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் கோபால்ட் குளோரைடு. தண்ணீரே இல்லாதபோது அது நீலம். ஒரு மூலக்கூறு கோபால்ட் குளோரைடோடு ஆறு மூலக்கூறு தண்ணீர் சேர்ந்துகொண்டால் ரோஸ். சூடாக்கினால் தண்ணீர் வெளியேறி மறுபடி நீலம். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் டெபாசிட், வித்டிராயல், மறுபடி டெபாசிட். எத்தனை முறை வேண்டுமானாலும் எண்ட்ரி போடலாம்.

கிளறக் கிளற விஷயம் வந்துகொண்டே இருந்தது. இதே உப்பில் நனைத்துக் காயவைத்த நீலக் காகிதத்தை இலையின் இரண்டு பக்கமும் ஒட்டி, எந்தப் பக்கம் சீக்கிரம் ரோஸ் ஆகிறது என்று பள்ளிக்கூடத்தில் பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலான செடிகளில் அடிப்பக்கம்தான் ஜெயிக்கும், இலைத்துளைகள் அங்கேதான் அதிகம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது ரகசிய மை. நீர்க்க எழுதினால் வெளிர் ரோஸ் கண்ணுக்குத் தெரியாது, காகிதத்தைச் சூடு காட்டினால் எழுத்து நீலமாக எழும்பும். நம்ம உடம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருப்பதும் ஒரு கோபால்ட் அணுதான்.

அதற்காக இது நல்ல பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் என்பதால் ஒரு காலத்தில் ரத்தசோகைக்குக் கொடுத்தார்கள். பக்கவிளைவுகளால் அது வழக்கொழிந்தது. அதே குணத்துக்காக விளையாட்டு வீரர்கள் தப்பாகப் பயன்படுத்தக்கூடும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் 2015 முதல் கோபால்ட் பெயர் சொல்லியே இருக்கிறது. 1960களில் பீர் நுரை கலையாமல் நிற்கக் கோபால்ட் உப்பைச் சேர்த்தார்கள். கனடாவின் கியூபெக் நகரில் 1965-66இல் அந்த பீரை நிறையக் குடித்தவர்கள் இதயத் தசை கெட்டு இறந்தார்கள். ஐரோப்பிய யூனியன் 2008இல் கோபால்ட் குளோரைடை மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் அபாயம் என்பது காரணம். தோலில் பட்டுச் சிலருக்கு அலர்ஜியும் வரும்.

வீட்டில் யூகேஜி படிக்கும் சின்னவன் ஒருத்தன் இருக்கிறான். அந்த நீல மணி பார்க்க ஜீரக மிட்டாய் மாதிரியே இருக்கும். அதனால் கோபால்ட் இல்லாத ஆரஞ்சு மணிக்கு மாறிவிட்டோம். எங்களுடையது ஈரம் ஏறினால் பச்சையாகிறது. அதையும் சாப்பிட முடியாது என்பதால் டப்பா உயரமான ஷெல்ஃபில்தான்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் காது மிஷின் வைத்திருந்தால், நான் தெரிந்துகொண்ட மூன்று விஷயம்:

ஒன்று, மழைக்காலம் வருமுன்பே உலர் டப்பா வாங்கிவிடுங்கள். மிஷின் விலையைப் பார்த்தால் டப்பா விலை ஒன்றுமே இல்லை.

இரண்டு, ரோஸ் ஆன மணியை சுமார் 120 டிகிரியில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும் என்பது உண்மை. ஆனால் அதைச் சமையல் வாணலியிலோ, சாப்பாட்டு அவனிலோ செய்யாதீர்கள். புது மணி வாங்குவது மேல்.

மூன்று, பெரியவர் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மிஷினுக்குள் தண்ணீர் கோத்திருக்கலாம்.

இப்போது தினமும் காலையில் டப்பாவைத் திறந்து நிறம் பார்ப்பது அப்பாவின் டிபார்ட்மெண்ட். சித்தப்பாவோடு அரை மணி நேரம் பேசுகிறார், அதுவும் நான் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி. பேசட்டும். கொல்கத்தா, கொச்சி பக்கம் இருக்கும் மக்கள் அங்கே ஈரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்களேன், அப்பாவிடம் படித்துக் காட்டுகிறேன்.