தாத்தா எந்தப் பக்கம்?

கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவள் நான். நான் இயற்கணிதம் சொல்ல வந்திருக்கிறேனே என்று சிரிக்காதீர்கள். முதலில் கதையைக் கேளுங்கள்.

போன சித்திரையில் என் மாமனார் மதுரையில் பஸ் ஏறி, ஒத்தக்கடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டார். வயது 78, சர்க்கரை வியாதி வேறு. உச்சி வெயிலில் அவரிடமிருந்து போன் வந்தது.

"இடம் மாறி இறங்கிவிட்டேன் அம்மா. ஒத்தக்கடை இங்கிருந்து 2 கிலோமீட்டராம்."

"யானைமலை தெரிகிறதா, மாமா?"

"நன்றாகத் தெரிகிறது."

அத்தோடு போன் அணைந்துவிட்டது. யானைமலைதான் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியுமே! நான் கேட்ட கேள்வியின் லட்சணம் அப்படி.

அசந்து தூங்கி ஊரைத் தாண்டியிருப்பார் என்று என் வீட்டுக்காரர் மேலூர்ப் பக்கம் ஸ்கூட்டரை விரட்டினார். அரைமணி கழித்துத் தனியாகத் திரும்பினார். எனக்கு உயிரே இல்லை.

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் சொன்னாள்: "இதற்கு இரண்டு விடை அப்பா. நீங்கள் ஒன்றைத்தான் பார்த்தீர்கள்."

அவர் மதுரைப் பக்கம் பறந்தார். என் கை நடுங்குவதைப் பார்த்தவள், பேச்சுக் கொடுப்பதற்காகவோ என்னவோ, காலண்டர்த் தாளின் பின்புறம் எழுதத் தொடங்கினாள். ஒத்தக்கடை பூஜ்யம். மேலூர்ப் பக்கம் பிளஸ், மதுரைப் பக்கம் மைனஸ். தாத்தா நிற்கும் இடம் 'அ'.

|அ| = 2

இரு பக்கமும் நிற்கும் கோடுகளுக்கு மட்டு மதிப்பு என்று பெயராம். எவ்வளவு தூரம் என்று சொல்லும். எந்தத் திசை என்று சொல்லாது. மாமாவும் அப்படித்தானே சொன்னார்! ஆகையால் அ = 2, அல்லது அ = −2. 1841-இல் இந்தக் கோடுகளைப் போட்டவர் வயர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மானியர். பல வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம்.

"|அ − 3| = 2 என்றால்?" என்றாள்.

நான் விழித்தேன். 3-ஆவது கல்லிலிருந்து 2 கிலோமீட்டர் என்று அர்த்தமாம். கோட்டை எடுத்துவிட்டு, வலப்புறம் ஒருமுறை 2, ஒருமுறை −2 என்று போட்டால் அ = 5, அ = 1. இரண்டும் சரியான விடைதான்.

"வலப்புறம் முதலிலேயே −2 இருந்தால்?"

"மைனஸ் 2 கிலோமீட்டர் தூரம் எங்கேயடி இருக்கிறது?" என்றேன் எரிச்சலாக.

"அதேதான் அம்மா. விடையே கிடையாது!"

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பின்னால் மாமா, முகமெல்லாம் வேர்வை. சர்க்கரைத் தண்ணீரைக் கையில் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனம்மா இவ்வளவு நேரம்? 2 கிலோமீட்டர் என்று சரியாகத்தானே சொன்னேன்?"