ஆச்சி பாட்டும் அடுத்த வீட்டு அக்காவும்

போலாரம் வந்து ஏழு வருஷம் ஆச்சு மக்களே. ராத்திரி கடைசி ரயில் சத்தம் கேட்கிற வரைக்கும் எங்க வீட்டு வாலு தூங்காது. போன வாரம் தங்கமணிக்குக் காய்ச்சல், தூங்க வைக்கிற டியூட்டி எனக்கு. எனக்குத் தெரிஞ்சது ஒரே தாலாட்டு. அதைத்தான் பாடினேன் (கத்தினேன்னு தங்கமணி சொல்றாங்க).

சின்ன வயசுல அது எங்க ஆச்சி கட்டின பாட்டுன்னே நினைச்சிருந்தேன். தங்கச்சியைத் தொட்டில்ல போட்டு ஆச்சி பாடுவா, நான் கயிறு இழுப்பேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'ல சிவாஜியும் சாவித்திரியும் அதையே பாடினாங்க! 1961-ல வந்த 'பாசமலர்'. கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடினது. ஆச்சி ஏமாத்திட்டாளேன்னு ரெண்டு நாள் அவகிட்ட பேசலை.

மறுநாள் காலையில அடுத்த வீட்டு தெலுங்கு அக்கா, "தம்பி, நீங்க பாடினது எங்க அம்மா பாட்டாச்சே"ன்னாங்க. 'பாசமலர்' தெலுங்குல 1962-ல 'ரக்த சம்பந்தம்' ஆச்சு. என்.டி.ஆரும், அதே சாவித்திரியும். அவங்களுக்கும் அது சினிமா பாட்டு இல்லை, அம்மா பாட்டு.

யூதர்களுக்கும் இப்படி ஒண்ணு உண்டு. இத்திஷ் மொழியில, உலர்திராட்சையும் பாதாமும்னு ஒரு தாலாட்டு. தொட்டிலுக்கு அடியில ஒரு வெள்ளாட்டுக்குட்டி, அது திராட்சை, பாதாம் வியாபாரத்துக்குப் போகுமாம். பரம்பரைப் பாட்டுன்னு பலர் நினைக்கிற இது, ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் 1880-ல 'சுலாமிஸ்'ங்கிற இசை நாடகத்துக்கு எழுதினது. அவரும் பழைய நாட்டுப் பாட்டுல இருந்துதான் எடுத்துக் கட்டினார். தொட்டில்ல இருந்து மேடைக்குப் போய், மறுபடி தொட்டிலுக்கே வந்து, ஊர் விட்டுப் போன ஜனங்களோட அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சு.

நம்ம பாட்டும் அதே கதைதான். தாய்மாமன் சீர் பேசாத தாலாட்டு நம்ம ஊர்ல ஏது? கண்ணதாசன் அதைத்தான் அண்ணன் தங்கச்சி கதைக்குள்ள வெச்சார். படத்துல ரெண்டு பேரும் பிரிஞ்சு, ஆளுக்கொரு வீட்டுல இருந்து அவங்கவங்க பிள்ளைக்குப் பாடுவாங்க.

அங்கதான் எனக்குத் தொண்டை அடைச்சுது. அப்பா வீட்டுப் பங்கு விஷயத்துல நானும் தங்கச்சியும் பேசி மூணு வருஷம் ஆச்சு. அவ பையனை நான் இன்னும் தூக்கினதே இல்லை.

ஞாயித்துக்கிழமை போன் போட்டேன். "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னுதான் முதல்ல கேட்டா. "ஒண்ணுமில்ல, ஆச்சி பாட்டுல ரெண்டாவது அடி மறந்துபோச்சு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் பாடினா.