கேட்காமல் ஊற்றிய சால்னா

இத்தாலியின் துரின் நகரில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஏழெட்டு மேசைகள், ஒரே குடும்பம். அப்பா அடுப்படியில், மகள் பரிமாறுவாள், கல்லாவில் பாட்டி. நல்ல கடை. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் கிரிசினி என்கிற மொறுமொறு ரொட்டிக் குச்சிகளை வைப்பார்கள். அது இந்த ஊரின் சொந்தச் சரக்கு. அடுத்து அக்னோலொத்தி. கறியை அரைத்து உள்ளே வைத்து மடித்த சின்னச் சின்ன மாவுப் பொட்டலங்கள், மேலே கறி வறுத்த சட்டியில் இறங்கிய சாறு. அந்தச் சாறு நாக்கில் பட்டதும் எனக்கு மதுரைத் தெற்குவாசல் நினைவுக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். சாறு ஒரு கரண்டி வரும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்னும் கொஞ்சம் கேட்டால் ஒருவேளை தருவார்கள். ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை, எனக்கும் வாய் வரவில்லை. தட்டில் மிஞ்சியதை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவார்கள். பெரிய விருந்தில் அப்படிச் செய்தால் மரியாதைக் குறைவு. தெருமுனைக் கடையில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. நானும் வழிப்பேன். கடைசியில் பில்லில் தலைக்கு இரண்டு யூரோ 'கொப்பெர்த்தோ' என்று தனியாக ஏறியிருக்கும், மேசை விரிப்புக்கும் ரொட்டிக்கும். உட்கார்ந்ததுக்கும் காசாடா என்று அம்மா போனில் சிரிக்கிறாள்.

மதுரையில் எங்கள் தெரு புரோட்டாக் கடையில் மேசை விரிப்பு கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லைப் பற்ற வைப்பார்கள். அதற்கு முன்பே மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போர்த்தி ஊற வைத்திருப்பார்கள். மாஸ்டர் ஓர் உருண்டையைத் தட்டி, இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் வீசுவார். ஒவ்வொரு வீச்சுக்கும் அது விரியும், கடைசியில் கீழே இருக்கும் பலகை தெரிகிற அளவுக்கு மெலிசாகிவிடும். மடித்து, சுருட்டி, அழுத்திக் கல்லில் போடுவார். வெந்த நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டோடு இரண்டு பக்கமும் உள்ளங்கையால் கைதட்டுவது மாதிரி ஓங்கி அடிப்பார். அடுக்கு அடுக்காக அப்போதுதான் பிரியும். அந்த அடியில்தான் புரோட்டா புரோட்டா ஆகிறது என்பது என் கட்சி. அடிக்காமல் அப்படியே தட்டில் வைக்கிற கடைகளுக்கு நான் போவதில்லை.

"பிச்சுப் போடவாண்ணே?" என்று சப்ளையர் கேட்பார். பதில் சொல்வதற்குள் இலையில் புரோட்டா துண்டு துண்டாக விழுந்திருக்கும். வாளியோடு வந்து சால்னாவை ஊற்றுவார். சோம்பும் பட்டையும் கல்பாசியும் தேங்காயும் கொதித்த வாசனை, மேலே சிவப்பாக மிதக்கும் எண்ணெய். பாதி சாப்பிடும்போது இலை காய்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். கேட்க மாட்டார். ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார். ஒரு கரண்டி கோழி, ஒரு கரண்டி மட்டன் என்று கலந்து கேட்கிறவர்களும் உண்டு. அதற்கும் முகம் சுளிக்க மாட்டார். புரோட்டாவுக்குத்தான் எண்ணிக்கை. சால்னாவுக்கு யாரும் கணக்கு எழுதியதில்லை.

மணி பத்தரை ஆனால் துரினில் தெருமுனைக் கடை அடுப்பை அணைத்துவிடும். மதுரையில் அந்த நேரத்துக்குத்தான் கொத்துப் புரோட்டாவுக்கு இரண்டு இரும்புத் தகடும் கல்லில் விழத் தொடங்கும். சினிமா விட்டு வருகிறவர்கள், மாட்டுத்தாவணிக்குப் பஸ் பிடிக்கப் போகிறவர்கள், மார்க்கெட்டில் லோடு இறக்கியவர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு பெஞ்ச் உண்டு. சிம்மக்கல் கோனார் கடையின் கறிதோசைக்கு வெளியூரிலிருந்து வண்டி போட்டு வருகிறார்கள். தோசை மாவு, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என்று மூன்று அடுக்கு. தின்று முடித்தால் மறுநாள் மத்தியானம் வரை பசிக்காது. அந்தப் புகழ் எங்கள் தெருக்கடைக்கு இல்லை. வீட்டிலிருந்து கைலியோடு போகலாம், அதுதான் அதன் பெருமை.

என் பயணத்துக்கு நேர் எதிராகப் பயணம் செய்த ஓர் இத்தாலியரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1577-ல் பிறந்த ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்று நாம் அறிந்த சேசு சபைப் பாதிரியார், 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார். கறியை விட்டார். பிராமணச் சமையல்காரர் ஆக்கிய சோறும் காய்கறியும் பாலும், அதுவும் ஒரு வேளை. 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு ராத்திரியாவது இத்தாலியச் சாப்பாட்டை நினைத்துப் புரண்டு படுத்திருக்க மாட்டாரா? ஒரு வேடிக்கை: தக்காளிக் குழம்பு இத்தாலியச் சமையல் புத்தகத்தில் அச்சேறியது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். தக்காளி, மிளகாய் இரண்டுமே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. இன்றைக்கு அவர் எழுந்து வந்தால் தக்காளி ஊற்றிய பாஸ்தாத் தட்டையும் சால்னா இலையையும் ஒரே மாதிரி முழித்துத்தான் பார்ப்பார்.

போன தடவை ஊருக்குப் போனபோது ஒரு புது ஏசி ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். மெனுவில் ஒயிட் சாஸ் பாஸ்தாவும் இருந்தது, பன் புரோட்டாவும் இருந்தது. சால்னா ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்தது. இரண்டாவது கிண்ணம் பில்லில் தனியாக வந்தது. இத்தாலிக்காரர்களையாவது புரிந்துகொள்ளலாம், அவர்கள் ஊர் வழக்கம் அது. மதுரையில் சால்னாவை அளந்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எங்கள் தெருக்கடை இன்னும் இருக்கிறது, வாளியும் இருக்கிறது. மதுரைப் பக்கம் போகிறவர்கள் இப்படி ஒரு தெருக்கடையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய் உட்காருங்கள். முதல் கரண்டியிலேயே போதும் என்று கையை நீட்டித் தடுத்துவிடாதீர்கள்.