தேய்ந்த பல்

ஒகேனக்கல் பக்கத்துப் பிள்ளைகள் ஆற்றோரம் பொறுக்கிய வெளுத்த துண்டை நீட்டி, "சார், இது டைனோசர் எலும்பா?" என்பார்கள். எங்கே கிடந்தது என்றுதான் முதலில் கேட்பேன். தர்மபுரிப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது. எலும்புள்ள உயிர் எதுவும் அப்போது பிறக்கவில்லை. ஆகவே இங்கே கிடைப்பது பெரும்பாலும் சுக்கான் கல், இல்லையென்றால் மாட்டெலும்பு. பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் புது எலும்பில் முடி கருகும் நாற்றம் வரும். கல்லான எலும்பில் வராது.

கல்லான எலும்பு வேண்டுமானால் காவிரிக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர் போக வேண்டும். கடல் ஏறி நின்ற நிலம் அது. அங்குள்ள கல்லமேட்டு டைனோசர் எலும்புகளைப் புவியியலாளர் மேட்லி 1929-இல் விவரித்தார். அதே பகுதியில் காரை என்ற ஊரின் ஓடைகளில் உள்ள களிமண்ணுக்குச் சுமார் 10 கோடி வயது. சுறாப் பற்கள் அதில் கிடைக்கும்.

அங்கேயும் உருவம் ஏமாற்றும். 2020-இல் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. அவை அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிர் சார்ந்த படிவங்கள் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். அதனால் மேற்புறத்தை நம்பாதீர்கள், உடைந்த வாயைப் பாருங்கள். எலும்பு என்றால் உள்ளே ரொட்டிபோல் நுண்துளைகள் தெரியும். கூர்முனைப் பல்லாகத் தோன்றும் பெலம்னைட்டில், நடுவிலிருந்து விளிம்புவரை படிக ஊசிகள் கதிர்களாய் ஓடும்; அது கணவாய் இனத்தின் உள்ளோடு. சுறாப் பல்லின் வேர் எளிதில் கரைந்துபோகும், மேல்மூடி மட்டும் வழவழப்பாக மினுங்கும். வேர் இல்லை என்பதற்காகப் பல்லைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

எனக்கு மிகப் பிடித்தது டைகோடஸ் என்ற சுறாவின் பல். கடிப்பதற்கல்ல, சிப்பி நொறுக்குவதற்கான தட்டையான பல்; உச்சியில் வரிவரியாக மேடுகள். அந்த மேடுகள் தேய்ந்திருந்தால் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். உச்சி மட்டும் சமதளமாகத் தேய்ந்து ஓரம் கூராக நின்றால், அந்தச் சுறா உயிரோடிருந்தபோது சிப்பி அரைத்த தேய்மானம். எல்லா ஓரமும் வேரோடு சேர்த்து மழுங்கியிருந்தால் தண்ணீர் உருட்டியது. பல் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது, அது இருந்த பாறை அடுக்கை மேலே போய்த் தேட வேண்டும்.