இறகின் எடை

இலேசான பொருள்களால் செய்தால் காரும் இலேசாகும் என்பது எவரும் ஒப்பும் கணக்கு. இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என நண்பர்கள் வினவலாம். நாள்தோறும் இருசக்கர வண்டியில் கல்லூரிக்குச் செல்பவர் நாம். சாலையில் நம்மருகே ஓடும் எதன் எடையும் நமக்குரிய செய்தியே.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 1994இல் வந்த ஆடி ஏ8 காரின் உடற்சட்டம் அலுமினியத்தால் ஆனது. பி.எம்.டபிள்யூ 2013இல் கொணர்ந்த ஐ3 மின்காரிலோ, பயணிகள் அமரும் கூட்டைக் கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக்கால் அமைத்தனர். பேட்டரியின் பாரத்தை ஈடுகட்டவே இவ்வேற்பாடு. மொத்த எடை சுமார் 1,200 கிலோதான். எடை குறையுமாயின், வண்டியை முடுக்கவும் மேட்டில் ஏற்றவும் குறைந்த ஆற்றலே போதும்.

ஆயினும், மிச்சம் பிடித்த எடை மிச்சமாகவே நிற்பதில்லை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1974இல் பிறந்தபோது சுமார் 800 கிலோ. 2012இன் ஏழாம் தலைமுறை, உயர்வலு எஃகின் துணையால் முந்தையதினும் 100 கிலோ வரை இளைத்தது. அப்போதும் ஆயிரம் கிலோவுக்கு மேல்தான். ஃபோர்டு எஃப்-150 வண்டி 2015இல் அலுமினிய உடலுக்கு மாறி 300 கிலோவுக்கு மேல் குறைத்தது. அதன் மின்வடிவம் 2022இல் வந்தபோது, அதே அலுமினிய உடல் இருந்தும், பெரும் பேட்டரியால் எடை இரண்டரை டன்னைத் தாண்டிற்று.

மயிலிறகேயானாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பார் வள்ளுவர், வலியறிதல் அதிகாரத்தில். காற்றுப்பை, குளிர்சாதனம், அகன்ற இருக்கை, பெரிய சக்கரம் என ஒவ்வொன்றும் ஓர் இறகுதான். இவற்றுள் உயிர் காப்பனவும் உண்டு. அவற்றை நாம் பழிக்கவில்லை. ஆனால் உள்ளிருப்பவரின் சொகுசுக்கென ஏறும் எடைக்கு வெளியிலிருப்பவரும் விலை தர நேர்கிறது. இரு வண்டிகள் மோதினால், திடீர் வேகமாற்றத்தின் கொடுமையை மிகுதியாக ஏற்பது எடை குறைந்ததே. நம்மைப் போன்ற இருசக்கரத்தார்க்கு உடம்பைச் சுற்றி ஒரு தகடுகூட இல்லை.

உலோகவியலார் தம் பங்கைச் செய்துவருகின்றனர். குறைத்ததைக் குறைத்தபடியே விட்டுவைக்கும் மனம் வாங்குவோரிடம் வேண்டும். நம் வீட்டிலும் கார் வாங்கும் பேச்சு எழுந்திருக்கிறது. நிறத்தையும் விலையையும் கேட்குமுன், அதன் எடை எவ்வளவு என்று கேட்பதாக இருக்கிறோம்.