தம்பியின் ஒரு விநாடி

அம்மாதான் முதலில் புகார் செய்தார். "உந்தம்பி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து கருப்பு ஸ்கிரீன்ல புள்ளி வர வைக்கிறான். ஒரு புள்ளிதான் வருது. அதுக்கப்புறம் அதுவும் வரமாட்டேங்குது."

தம்பிக்கு அப்போது வேலை போய் மூன்று மாதம். ஆறு ஆண்டுகள் உழைத்த மென்பொருள் நிறுவனம் ஆட்குறைப்புப் பட்டியலில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டது. முதல் மாதம் விண்ணப்பங்கள் போட்டான். இரண்டாவது மாதம் பதில் வராததைப் பற்றிப் பேசினான். மூன்றாவது மாதம் பேசுவதையே நிறுத்திவிட்டு, சொந்தமாக ஒரு கெர்னல் எழுத ஆரம்பித்தான். விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஓர் இயங்குதளத்தின் அடிவயிறு அது.

"இதுக்கு யாருடா சம்பளம் குடுப்பா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு வாரம் "ம்" என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி முடிந்து ரொட்டி சானாய் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவன் அறையில் வெளிச்சம் இருந்தது. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஏண்டா ஒரு புள்ளியோட நின்னுடுச்சு?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல நாற்காலியைத் திருப்பினான்.

கணினிக்குள் டைமர் என்று ஒரு சில்லு உண்டாம். குறிப்பிட்ட இடைவெளியில் அது செயலியின் தோளைத் தட்டும். செயலி கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு கெர்னலிடம் வரும். அந்தத் தட்டல் இல்லையென்றால், ஏதோ ஒரு புரோகிராம் முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொள்ளும்போது அதனிடமிருந்து செயலியைப் பிடுங்க கெர்னலுக்கு வழியே இல்லை.

இது எனக்குச் சட்டென்று விளங்கியது. நேயர் அழைப்பு நேரத்தில், "ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிக்கிறேன்" என்று ஆரம்பித்து, பெரியம்மா வீட்டுப் பேரப்பிள்ளைகள் வரை பெயர் சொல்லி வாழ்த்துபவர்களை எனக்குத் தெரியும். எட்டு மணிச் செய்திக்கு இன்னும் நாற்பது விநாடி என்று ஸ்டூடியோக் கடிகாரம் காட்டாவிட்டால் நான் அவர்களிடமிருந்து மீளவே முடியாது.

"அதேதான். ஆனா ஒவ்வொரு தட்டலுக்கும் 'கேட்டுச்சு'ன்னு நாம பதில் சொல்லணும். 32ஆம் எண் போர்ட்டுக்கு 32ங்கிற எண்ணை அனுப்பணும். நான் அனுப்பல. பதில் வராததால அடுத்த தட்டலை உள்ளேயே விடல. அதான் ஒரு புள்ளி."

அதைச் சரிசெய்தாயிற்று. புள்ளிகள் வரிசையாக ஓடின. நூறு புள்ளிக்கு ஒரு விநாடி என்று கணக்குப் போட்டு, திரையின் மூலையில் ஒரு கடிகாரமும் வைத்திருந்தான்.

வேலை போனால் நான் கணினியில் எதையும் செய்ய முடியாது. ஆனால் ஒரு விநாடி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். பாடலின் முன்னிசை பதினெட்டு விநாடி என்றால், கடிகாரத்தைப் பார்க்காமலே பதினேழாவது விநாடியில் பேச்சை முடிப்பேன்.

"உன் கடிகாரம் தூங்குதுடா," என்றேன்.

"எமுலேட்டர்ல ஓடுது. அது மெதுவாதான் இருக்கும்."

"இவ்வளவா? உன் பத்து விநாடி எனக்கு முப்பத்து மூணு வருது."

நம்பவில்லை. கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை எடுத்தான். முப்பத்து மூன்றரை. அவன் முகம் மாறியது. ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தான்.

அந்தச் சில்லு இண்டெல் 8253 வகை. 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்தது. அதன் வாரிசுகளை இன்றைய கணினிகளும் தேவை கருதிச் சுமந்துகொண்டிருக்கின்றன. அது விநாடிக்கு 11,93,182 முறை துடிக்கும். எத்தனை துடிப்புக்கு ஒருமுறை தட்ட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். விநாடிக்கு நூறு தட்டல் வேண்டுமானால் 11,932. ஆனால் அந்தப் போர்ட் ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் வாங்கும். எனவே எண்ணை இரண்டாக உடைத்து, சிறிய பகுதியான 156ஐ முதலிலும், பெரிய பகுதியான 46ஐ அடுத்தும் அனுப்ப வேண்டும். இவன் 46ஐ முதலில் அனுப்பிவிட்டான். சில்லு அதை 39,982 என்று எடுத்துக்கொண்டு விநாடிக்கு முப்பதுக்கும் சற்றுக் குறைவாகத் தட்டியது. நூறு தட்டலுக்கு மூன்றேகால் விநாடிக்கு மேல் ஆனது.

இரண்டு வரிகளை இடம் மாற்றினான். கடிகாரம் சரியாக ஓடியது. ரொட்டி சானாய் ஆறிப்போயிருந்தது. இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

"அது ஏன் 11,93,182? பத்து லட்சம்னு வச்சிருந்தா என்ன?" என்று கேட்டேன். அந்தக் கணினியின் ஆதாரப் படிகம் 14.31818 மெகாஹெர்ட்ஸ், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் இது வரும் என்றான். ஏன் அந்தப் படிகம் என்றபோது, "அப்ப மலிவா கிடைச்சுதாம், டிவி விஷயம்" என்றான்.

டிவி என்றதும் எனக்குள் ஏதோ மணி அடித்தது. கால்குலேட்டரில் நான்கால் வகுத்தேன்: 3.579545. ஊடகவியல் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த எண். அமெரிக்கா 1953இல் ஏற்றுக்கொண்ட என்டிஎஸ்சி வண்ணத் தொலைக்காட்சி முறையில், வண்ணத்தைச் சுமக்கும் அலையின் எண். நம் நாட்டில் அப்போது இருந்தது பால் முறை (குடிக்கிற பால் அல்ல) என்பதால் அந்த எண்ணால் எனக்கு எந்தப் பயனும் இருந்ததில்லை. ஆக, என் தம்பியின் கெர்னல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு இது முழுதாகத் தெரியாது. அன்று அவன் என்னைப் பார்த்த பார்வை, அவன் பள்ளிக் கணக்குகளை நான் போட்டுக்கொடுத்த காலத்திற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். மணியை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறோம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. "எங்க காலத்துல அரசாங்கமே மாத்துச்சு," என்றார். 1981 டிசம்பர் 31. இரவு பதினொன்றரை மணியைப் பன்னிரண்டு என்று வைத்து, தீபகற்ப மலேசியாவை சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். "அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

புதிய கணினிகளில் ஒவ்வொரு செயலிக் கருவுக்குள்ளும் இதைவிட நல்ல டைமர் இருக்கிறது. ஆனால் அதன் வேகம் கணினிக்குக் கணினி மாறும். எனவே கெர்னல் முதலில் பழைய சில்லை வைத்துச் சிறிது நேரம் அளந்து, அதற்குள் புதியது எத்தனை துடித்தது என்று பார்த்துக்கொள்ளலாம். தம்பி அடுத்து அதைத்தான் செய்யப்போவதாகச் சொன்னான்.

அதற்குமுன் கெர்னலைத் தன் பழைய மடிக்கணினியில் ஏற்றி, சமையலறையில் குளிர்பதனப்பெட்டி மேல் வைத்தான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்பது விநாடி பின்தங்கியிருந்தது. அவன் இதை எதிர்பார்த்திருந்தான். நூறால் வகுத்தால் சரியாக வருவது 11,931.82, சில்லு பின்னத்தை வாங்காது. 11,932 என்று வைத்ததால் நாளுக்கு 1.3 விநாடி நழுவுகிறது. அந்த மிச்சத்தைத் தனியே சேர்த்துக் கணக்கில் கொண்டுவர எட்டு வரி எழுதினான்.

"அது இருக்கட்டும். ஒன்பது விநாடின்னு எதை வச்சுப் பார்த்தே?" என்று கேட்டேன்.

"காலையில உன் ப்ரோகிராம்ல ஏழு மணிக்கு டிங் வரும்ல? போன திங்கக்கிழமை அதுல வச்சேன். இந்தத் திங்கக்கிழமை அதுலயே பார்த்தேன்."

என் நிகழ்ச்சியை அவன் கேட்பான் என்று எனக்குத் தெரியாது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. பினாங்கில் ஒரு நிறுவனம் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது, அடுத்த வியாழன். அம்மா இப்போது அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முட்டை வேகவைக்கிறார்.